பதினான்கு பேரும் ஒரே வேகம்

கடைசிப் பெண் கதவைச் சாத்திவிட்டுப் போனதும், என்னைச் சோதிக்க வந்திருந்த பவித்ரா மேடம் தன் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

புதுக்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் விலங்கியல் ஆய்வுக்கூடம் அது. சங்கீதத் தேர்வு நடத்த அந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். மேசையெல்லாம் ஆசிட் சிந்திய கறை. மூக்கைப் பிடிக்கிற மருந்து வாடை. அலமாரியில் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு தவளை மிதந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து பதினான்கு பேர் பாடியதையும் அது அசையாமல் கேட்டது. நானும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். தேர்வாளர் வேலைக்காக அதற்குத்தான் எனக்கு ஆறு மாதமாகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"மார்க்கை ஒப்பிடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க டீச்சர்" என்றார் மேடம்.

தாளில் மதிப்பெண் எதுவும் இல்லை. வரிசையாகப் பதினான்கு நேரங்களை எழுதியிருந்தார். எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்த வர்ணம் என்கிற உருப்படியை ஒவ்வொருவரும் எவ்வளவு நேரத்தில் பாடி முடித்தார்கள் என்று செல்போனில் பார்த்துக் குறித்திருக்கிறார். எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு நொடி முன்னே, மூன்று நொடி பின்னே, அவ்வளவே வித்தியாசம்.

"ஆலங்குடியிலேர்ந்து வந்திருக்காங்க, பொன்னமராவதியிலேர்ந்து வந்திருக்காங்க. ஏழெட்டு வாத்தியார்கிட்ட படிச்சவங்க. பதினாலு பேரும் எப்படிங்க ஒரே வேகத்துல பாடுவாங்க?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "வர்ணம்னா அந்த வேகந்தானே மேடம் சரி?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க கையைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். சுருதிப்பெட்டி இன்னும் அணைக்கப்படாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் யாரும் பாடவில்லை. ஆனால் என் வலது கை மேசை விளிம்பில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"தாளத்துக்கு எல்லாருக்கும் இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பதுன்னு போட்டிருக்கீங்க. அவங்க உங்க கையைப் பாத்துப் பாடியிருக்காங்க. அது அவங்க மார்க் இல்ல டீச்சர். உங்க கைக்கு நீங்களே போட்டுக்கிட்ட மார்க்."

பவித்ரா மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். திருச்சிக்காரர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் சொன்னது உண்மையாக இருந்தது. சுருதிப்பெட்டியை அணைத்தேன். முதல் வாய்ப்பு போயிற்று. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அதிலும் தவறினால் தேர்வாளர் ஆகும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான்.

சிலை சார்

இந்த வயதில் இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று இந்தத் தொடரைப் படிப்பவர்கள் நினைக்கலாம். என் வீட்டிலேயே நினைத்தார்கள்.

குளத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் இருபத்திரண்டு வருடமாகப் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். வருடா வருடம் ஏழெட்டுப் பிள்ளைகளைச் சங்கீதத் தேர்வுக்கு அனுப்புவேன். சான்றிதழ் இருந்தால் பள்ளிக்கூடங்களில் பாட்டு டீச்சர் வேலை கிடைக்கும் என்பதால், பெற்றோர்களுக்கும் இதில் ஆர்வம் உண்டு.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தேர்வாளர் வந்தார். முகத்தில் எந்தச் சலனமும் இருக்காது. பிள்ளை நன்றாகப் பாடினாலும் அதே முகம், சொதப்பினாலும் அதே முகம். எழுதாத நேரமெல்லாம் கை மடியிலேயே கிடந்ததாம். என் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அழுதுகொண்டே வெளியே வந்தன. அவருக்குச் 'சிலை சார்' என்று பெயர் வைத்ததும் அந்தப் பிள்ளைகள்தான். அந்த வருடம் என் வகுப்பில் பாதிப்பேர் தேறவில்லை.

எனக்கு வந்ததே கோபம். நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். 'பிள்ளைகளைப் பார்த்து ஒரு புன்னகை செய்யக்கூட மனமில்லாதவர் சங்கீதத்தை எப்படி எடை போடுவார்?' என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. எழுதி முடித்ததும் அதை மட்டும் இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவு பிடித்திருந்தது. பதில் வரவில்லை.

பதில் வராத கோபத்தில்தான் தேர்வாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். பிள்ளைகள் பயப்படாத ஒரு முகம் அந்த நாற்காலியில் உட்காரட்டுமே என்று நினைத்தேன். அந்த முகம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் கலந்திருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கற்கண்டு வைத்தியம்

பயிற்சியில் முதல் நாளே எங்கள் வாயைக் கட்டினார்கள். எல்லாரிடமும் ஒரே வாக்கியங்களைத்தான் சொல்ல வேண்டும். "உட்காருங்க. சுருதி சரியா இருக்கா? தொடங்கலாம்." பாடுகிறவர் நடுவில் நின்றுவிட்டால் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை, "மறுபடி தொடங்கலாம்." அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. "ம்" கொட்டக் கூடாது. தலையாட்டக் கூடாது. தாளம் போடக் கூடாது. யாரிடம் படித்தீர்கள் என்று கேட்கக் கூடாது.

எழுதுவதற்கும் முறை இருந்தது. தப்பு வந்த இடத்தில் மட்டும் பென்சில் ஓடினால், பாடுகிறவர் அதைப் பார்த்துக் கலங்கிவிடுவார். அதனால் நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் ஒரே சீரான இடைவெளியில் எழுத வேண்டும். இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. சிலை சாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அவர் தப்புகளை அடுக்குகிறார் என்று என் புகாரில் எழுதியிருந்தேன்.

என்னோடு பயிற்சிக்கு வந்தவர் மெய்யப்பன். திருமயம் பக்கத்துச் செட்டியார். சென்னையில் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வயலினும் கையுமாக ஊருக்குத் திரும்பியவர். அவருடைய வியாதி வேறு. நல்ல இடம் வந்தால் தன்னை அறியாமல் "பேஷ்" என்றுவிடுவார். ஒருநாள் பழைய தேர்வுகளின் பதிவுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்பது தடவை சொன்னார்.

முதல் வாய்ப்பிலேயே அவர் தேறிவிட்டார். எனக்குத் தகவல் சொல்லப் போன் பண்ணினார்.

"ஒண்ணுமில்ல டீச்சரம்மா, வாயில ஒரு கற்கண்டப் போட்டுக்கிட்டேன். பேஷ்னு வாயத் தொறந்தா விழுந்துரும்ல? அப்படியே அடக்கிட்டேன்."

"எனக்கு வியாதி வாயில இல்லைங்களே. கையிலதான இருக்கு!"

"கையில கற்கண்டு வச்சா எறும்புதான் வரும்" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

பஸ் கிளம்பிய கதை

இந்தக் கையின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாட்டுப் படிக்க நான் குளத்தூரிலிருந்து புதுக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்த காலம். ஜன்னலோர சீட் கிடைத்தால் அன்றைய பாடத்தை மனசுக்குள் பாடிக்கொண்டு, வெளியே கையை விட்டுத் தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டே வருவேன். ஒருநாள் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் கீழே இறங்கி ஒரு கிழவரின் மூட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். என் தாளம் அப்போது கடைசித் தட்டுகளுக்கு வந்திருந்தது. தகரத்தில் இரண்டு தட்டு. டிரைவருக்கு அதன் அர்த்தம் 'போலாம் ரைட்'. வண்டியை எடுத்துவிட்டார். மூட்டை பஸ்ஸில், கிழவரும் கண்டக்டரும் ரோட்டில்.

கண்டக்டர் ஓடிவந்து ஏறியபோது மூச்சு வாங்கியது. நேராக என்னிடம் வந்தார். "யம்மா, வண்டிய நீயே ஓட்டிக்கிட்டுப் போயிருவ போலிருக்கே! பையயும் நீயே வச்சுக்க, டிக்கெட்டும் நீயே கிழி" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

ஒரு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பித் தட்டோடு நிமிர்ந்து பார்த்தால், எதிரே அதே கண்டக்டர். வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. "நமக்கு முன்னாடியே பழக்கந்தான்" என்று அவர் சொல்லப்போக, என் அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போயிற்று. அவர்தான் என் வீட்டுக்காரர் சூசைராஜ்.

ஆக, என் கை எனக்குக் கல்யாணமே செய்து வைத்திருக்கிறது. அதைக் கட்டிப்போட வேண்டும் என்று ஆனபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நன்மை வாங்குகிற கை

வீட்டில் பயிற்சி ஆரம்பித்தேன். சூசைதான் மேற்பார்வை. அவரும் ஓய்வு பெற்றிருந்தார். யாரையாவது மேய்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

முதலில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு ரேடியோவில் கச்சேரி கேட்டேன். பல்லவி முடிவதற்குள் மடி நனைந்துவிட்டது. பிறகு கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். கை நின்றது. ஆனால் செருப்புக்குள் கட்டைவிரல் எழுந்து எழுந்து விழுந்தது.

"கைய நிப்பாட்டுனா காலு கிளம்புது. ஒனக்குள்ள எத்தன வண்டி ஓடுது மேரி?" என்றார் சூசை.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் பாதத்தைப் பதித்து வைத்தேன். கால் அடங்கியது. கை மறுபடி கிளம்பியது. இப்படியே மூன்று வாரம். சலித்துப்போய் ஒருநாள், "இதுக்கு மேல என்னால ஆகாதுங்க" என்று கையை மேசைமேல் மல்லாக்கப் போட்டேன். ரேடியோ பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

சூசை என் கையையே பார்த்தார். "அடியே, இப்ப ஓடல பாரு" என்றார்.

உண்மைதான். உள்ளங்கை மேலே பார்த்திருந்தால் தட்ட முடியாது. இடது உள்ளங்கையில் வலதைப் பொருத்தி மல்லாக்க வைத்துக்கொண்டேன். "கோயில்ல நன்மை வாங்குற மாதிரியே இருக்க" என்றார். சர்ச் பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்க நாங்கள் கை நீட்டுவது அப்படித்தான். எழுதும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கை அப்படியே கிடக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கை நின்றபோது ஒரு விஷயம் நடந்தது. பயிற்சிக்குக் கொடுத்த பழைய பதிவுகளை மறுபடி போட்டுக் கேட்டால், எல்லாமே புதிதாக இருந்தன. இந்தப் பையன் அனுபல்லவியில் ஓடுகிறான். இந்தப் பெண் தாளம் ஒரு சுற்று முடிகிற ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் கொஞ்சம் இழுக்கிறாள். இதெல்லாம் முன்பு என் காதில் விழவே இல்லை. என் கை அவர்களை அங்கங்கே பிடித்து நிறுத்தி எனக்குச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் என் வகுப்பில் மட்டும் எதையும் மாற்றவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் என் கை வழக்கம்போல மரப்பலகையில் தட்ட ஆரம்பித்துவிடும். சொல்லிக் கொடுப்பது வேறு, தேர்வு செய்வது வேறு என்று நினைத்துக்கொண்டேன். "பகல் பூராம் கட்டிப்போட்ட மாட்ட சாயங்காலம் அவுத்து விட்டுர்ற" என்றார் சூசை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஒன்பதாம் எண்

இரண்டாவது வாய்ப்பு அறந்தாங்கியில். இந்தத் தடவை நல்ல வகுப்பறை. பவித்ரா மேடம் எனக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நான் தனியாகவும் அவர் தனியாகவும் மதிப்பெண் போடுவோம். பாடுகிற ஒவ்வொருவரின் மொத்தத்திலும் எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று மதிப்பெண் வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது விதி. அதற்குள் இருந்தால் என் மதிப்பெண்ணே நிற்கும். அதைத் தாண்டினால் நான் அவுட்.

காலையில் எட்டுப் பேர். கை மல்லாக்கவே கிடந்தது. ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் பாடினார்கள். ஒரு பெரியவர் அந்த வர்ணத்தை அவ்வளவு நிதானமாகப் பாடினார். அப்படியும் அதைப் பாடலாம் என்று எனக்குத் தெரியாது. தாளம் கொஞ்சமும் பிசகவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் கடைசியாக ஒன்பதாம் எண் வந்தார். தேர்வறையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நெற்றியில் வியர்வை, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிய விதத்தில் ஒரு அவசரம். உட்கார்ந்து கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"தொடங்கலாம்" என்றேன்.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். கனமும் இனிமையும் சேர்ந்தது. அந்த மாவட்டத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. முதல் இரண்டு ஆவர்த்தனம் அழகாகப் போயிற்று. ஆனால் கண் மட்டும் என் கையை விட்டு நகரவில்லை. அனுபல்லவி எடுத்ததும் அவருடைய கை தயங்கியது. சுண்டுவிரலில் நின்றுவிட்டது. பாட்டும் நின்றது.

விதிப்படி காத்திருந்தேன். மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. என் வலது கை மல்லாக்கக் கிடந்தபடியே துடித்தது. ஒரே ஒரு தட்டு. அது கிடைத்தால் அவர் பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பின்னால் பவித்ரா மேடத்தின் பேனாச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"மறுபடி தொடங்கலாம்" என்றேன்.

அவர் தொடங்கினார். இந்தத் தடவை பயத்தில் வேகம் ஏறியது. ஏற ஏறத் தாளம் கையைவிட்டுப் போயிற்று. கீர்த்தனையிலும் அதே கதை. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனபோது என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். நான் மற்ற எட்டுப் பேரையும் பார்த்ததுபோலவே அவரையும் பார்த்தேன்.

கூட்டிப் பார்த்தேன். தேறுவதற்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது.

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். குரலுக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஏற்கெனவே நிறையப் போட்டிருந்தேன். இன்னும் இரண்டு போட்டால் முழு மதிப்பெண். மூன்று வரை வித்தியாசம் இருக்கலாமே. மேடம் கேட்க மாட்டார், நானும் தேறிவிடுவேன், அந்தப் பெண்ணும் தேறிவிடுவார். யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் காலையில் ஐந்தாம் எண்ணில் ஒரு பெண்ணுக்கும் இரண்டு மதிப்பெண்தான் குறைந்திருந்தது. குரல் சுமார். அவருக்கு நான் யோசிக்கவே இல்லை. அது நினைவுக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தேன்.

பவித்ரா மேடம் தன் தாளைக் கொண்டுவந்தார். ஒன்பது பேரில் யாருக்கும் எங்களுக்குள் இரண்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஒன்பதாம் எண்ணுக்கு அவர் என்னைவிட ஒன்று குறைவாகப் போட்டிருந்தார்.

"வாழ்த்துகள் டீச்சர். நீங்க தேறிட்டீங்க" என்று கைகொடுத்தார். மாதக்கணக்காக நான் எதிர்பார்த்திருந்த வார்த்தை. நன்றி சொன்னேன். எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில்

பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கோட்டைப்பட்டினம் பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒருவர் என்னை நோக்கி நடந்து வந்தார். ஒன்பதாம் எண். தேர்வுக்கு வந்தவரோடு பேசக் கூடாது. நகர்ந்துவிடலாம் என்று திரும்புவதற்குள் அருகில் வந்துவிட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேணாங்க டீச்சர். மார்க்கு கேக்க வரல. எனக்கே தெரியுங்க" என்றார். "எங்க ஊரு பக்கத்துல ஒரு ஸ்கூல்ல பாட்டு டீச்சரா இருக்கேன். சர்டிபிகேட் கொண்டாந்தா வேலைய நிரந்தரமாக்குறேன்னாங்க. சரி, விடுங்க."

நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

"ஒங்க கையத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க டீச்சர் கை எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். அதப் பாத்தே பாடிப் பழகிட்டேன். ஒங்க கை அசையவே இல்லையா, நான் என்னமோ தப்பாப் பாடுறேன், அதான் இவுங்க தாளம் போடலன்னு நினைச்சுட்டேங்க. அதுல எல்லாம் போச்சு."

வண்டி வருகிறதா என்று பார்ப்பதுபோல ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்க டீச்சரும் தங்கமானவங்கதாங்க" என்றார், நான் அவரைக் குறை சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர்போல. "எங்கள விட்டுக்கொடுக்கவே மாட்டாங்க."

கோட்டைப்பட்டினம் வண்டி வந்துவிட்டது. "வாரேங்க" என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

புதுக்கோட்டை வண்டியில் உட்கார்ந்ததும் அழுதேன். பக்கத்திலிருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்தப் பெண்ணின் டீச்சர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். என்னைப் போலத்தான். பிள்ளை தடுமாறினால் தாங்காது, உடனே கை போய்விடும். சிலை சாரைப் பார்த்து என் பிள்ளைகள் அழுதார்களே, அவர்களும் அசையாத ஒரு கையைத்தான் பார்த்து அழுதிருக்கிறார்கள். நான் நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினேன்.

திங்கட்கிழமை

மறுநாள் சாயங்காலம் வகுப்பு. சூசை அதற்குள் தெருவெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். பிள்ளைகள் வாசலிலேயே கைதட்டின. "டீச்சர், இனிமே நீங்க எக்ஸாமினரா?" என்று ஒரே கூச்சல். ஒருத்தி கேக் கொண்டுவந்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்தோம்.

பதினொரு பிள்ளைகள். அத்தனை பேரும் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். இரண்டு மாதம் இருந்தது. என்னைப் போலப் பயிற்சி பெற்ற ஒருவர்தான் அவர்கள் முன்னால் வந்து உட்காரப் போகிறார்.

"ஜெனிபர், நீ பாடு" என்றேன். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். சுருதி தவறாதவள். போன வருடம் வகுப்பில் நான் வைத்த தேர்வில் தாளத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கொடுத்திருந்தேன்.

பலகையை நகர்த்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் பாட ஆரம்பித்தாள். தொடையில் கை தட்டியது. ஒரு ஆவர்த்தனம் முடிந்தது. அவள் கண் என் மடிக்கு வந்தது. முகத்துக்கு வந்தது. மறுபடி மடிக்குப் போயிற்று. இரண்டாவது ஆவர்த்தனத்தின் பாதியில் அவள் கை நின்றது. குரலும் நின்றது.

"டீச்சர், கை?" என்றாள்.

மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் பாடச் சொன்னேன். பதினொரு பேரில் ஒருவர்கூடப் பல்லவியைத் தாண்டவில்லை. பிள்ளைகள் தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக் குனிந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடம். எத்தனை பிள்ளைகளைச் 'சரியாகப் பாடுகிறாய்' என்று சொல்லி அனுப்பியிருப்பேன்?

"இங்க பாருங்க பிள்ளைகளா" என்றேன். "தப்பு ஒங்க மேல இல்ல. இவ்வளவு நாளும் ஒங்க தாளத்தயும் சேத்து நானே போட்டுட்டேன். ஒங்களப் போட விடல. நான் செஞ்சது தப்பு. என்னய மன்னிச்சுருங்க."

டீச்சர் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பொடிசு, "பரவால்ல டீச்சர்" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். ஜெனிபர் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் மறுபடி பாடட்டா?" என்றாள்.

"பாடு."

கையைத் தொடைக்கு மேலே தூக்கினாள். தட்டாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"எந்த வேகத்துல டீச்சர்?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விரல்கூட அசைந்துவிட்டது. கையைத் திருப்பி மல்லாக்க வைத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நான் உண்மையைத்தான் சொல்கிறேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு முதல் தட்டைத் தட்டினாள்.